பெண் குழந்தைக்கு யார் சொல்வது?

காவிரியின் மேல்கரையில் ஈரோடு. கீழ்க்கரையில் பள்ளிபாளையம். நடுவே பாலம். பாலத்தைக் கடந்து நாமக்கல் ஜில்லாவுக்குள் காலை வைத்ததும் தறிச் சத்தம் காதில் விழுகிறது. காகித ஆலை உண்டு, சர்க்கரை ஆலை உண்டு, சாயப்பட்டறைகளும் உண்டு. ஆனாலும் இந்த வட்டாரத்தில் ஏழை எளியவர்களுக்குச் சோறு போடுவது விசைத்தறிதான். புருஷன் தறி ஓட்டுகிறான். மனைவி தார் சுற்றுகிறாள், அல்லது அவளும் தறி ஓட்டுகிறாள். பகல் ஷிப்டு ஒருவர், இரவு ஷிப்டு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டு வாழும் குடும்பங்கள் ஏராளம். தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் பல வீடுகளில் தலைக்கு மேல் நிற்கிறது.

இப்படிப்பட்ட ஒரு வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் பாவாடையில் கறையைப் பார்த்து நடுநடுங்கிப் போகிறாள். எங்கேயோ அடிபட்டுவிட்டது என்று நினைக்கிறாள். அல்லது ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது என்று நினைக்கிறாள். அம்மா ஷிப்டில் இருக்கிறாள். பாட்டியிடம் போய் அழுகிறாள்.

"அழுவாதே சாமி, நீ பெரிய மனுசி ஆயிட்டே. அந்த மூலையிலே உக்காரு. எதையும் தொட்டுறாதே" என்கிறாள் பாட்டி.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. தாய்மாமனுக்குச் சேதி போகிறது. நாள் பார்க்கிறார்கள். தெரட்டிச் சீருக்குப் பந்தல் போடுகிறார்கள். ஒலிபெருக்கி அலறுகிறது. போட்டோ எடுக்கிறார்கள். கடனை வாங்கியாவது சீர் சிறப்பாக நடந்துவிடுகிறது. ஊருக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. விஷயம் இன்னதென்று தெரியாதவள் ஒருத்திதான். மஞ்சள் பூசி, மாலை போட்டு, மணையில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறாளே, அவள்தான்!

இது கற்பனைக் காட்சி. ஆனால் மிகைப்படுத்திய காட்சி அல்ல. இந்தியாவின் பல பகுதிகளில் நடந்த 138 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 2016-ம் ஆண்டில் ஒரு மருத்துவப் பத்திரிகை விவரம் வெளியிட்டது. முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே அதைப் பற்றித் தெரிந்துவைத்திருந்த பெண்கள் சரிபாதிக்கும் சற்றுக் குறைவுதான் என்று அதில் கண்டிருந்தது. மீதிப் பேர், தங்கள் உடம்பில் நடப்பதை நடந்த பிறகே அறிந்தார்கள். பலர் அப்போதும் அரைகுறையாகத்தான் அறிந்தார்கள்.

நாப்கின் வந்துவிட்டது

தமிழ்நாடு இந்த விஷயத்தில் சும்மா இருந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. 2012-ம் ஆண்டு மார்ச் மாதம் "புது யுகம்" என்ற திட்டத்தைத் தமிழக சர்க்கார் தொடங்கியது. கிராமங்களில் 10 வயது முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு நாப்கின்களை இலவசமாகக் கொடுப்பது என்று ஏற்பாடு. ஒரு பெண்ணுக்கு வருஷத்துக்கு 18 பாக்கெட்டுகள். ஒரு பாக்கெட்டில் 6 நாப்கின்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவித்த தாய்மார்களுக்கும், சிறையில் இருக்கும் பெண்களுக்கும்கூட வழங்கினார்கள். பள்ளியில் படிக்கும் பெண்களுக்குப் பள்ளியிலேயே. படிப்பை நிறுத்திவிட்ட பெண்களுக்கு நர்சுகள், அங்கன்வாடி ஊழியர்கள் மூலம்.

தொடக்கத்தில் இது கிராமத்துக்கு மட்டும் என்று இருந்தது. பள்ளிபாளையம் போன்ற ஊர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. பெயரளவில் நகரம்; ஆனால் தறிப்பட்டறைக்கு ஒட்டினாற்போல் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தும் கூலிக் குடும்பத்தின் வாழ்க்கை கிராமத்து ஏழையின் வாழ்க்கையைவிட எவ்விதத்தில் மேல்? பின்னால் திட்டம் நகரங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் பெயரை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. அவரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைதான். தம் மனைவி பழந்துணியை ஒளித்து எடுத்துச் செல்வதைப் பார்த்து, மலிவான நாப்கின் தயாரிக்கும் சிறு இயந்திரம் செய்ய முனைந்தார். ஊரார் அவரைப் பைத்தியம் என்றார்கள். மனைவியே கொஞ்ச காலம் பிரிந்துபோய்விட்டார். கடைசியில் வெற்றி கண்டார். 2016-ல் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தது. 2018-ல் அவர் கதை இந்திப் படமாகவும் வந்தது. அதே 2018 ஜூலையில்தான், நாப்கினுக்கு மத்திய சர்க்கார் போட்டிருந்த 12 சதவிகித ஜி.எஸ்.டி. வரி நீக்கப்பட்டது. குங்குமத்துக்கும் வளையலுக்கும் வரி இல்லை, இதற்கு மட்டும் வரியா என்று பெண்கள் ஒரு வருஷம் கேட்ட பிறகு!

பலன் கைமேல் தெரிகிறது. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் 98 பேர் மாதவிடாய்க் காலத்தில் சுகாதாரமான முறையைக் கையாளுவதாகக் கண்டார்கள். இந்தியா முழுவதற்கும் பார்த்தால் அந்தக் கணக்கு 77 சொச்சம்தான்.

98 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று கோப்பை மூடிவிடலாமா? நாப்கினைக் கையில் கொடுப்பது வேறு. அது எதற்கு என்று சொல்லிக் கொடுப்பது வேறு. முதல் வேலையைத் தமிழ்நாடு செய்து முடித்துவிட்டது என்றே சொல்லலாம். இரண்டாவது வேலை இன்னும் பாதி வழியில்கூட வரவில்லை. அந்த இரண்டாவது வேலை நடக்காததால் வரும் தீங்கு, பாவாடைக் கறையோடு நிற்பதில்லை என்பதுதான் இந்த வட்டாரம் கண்ட அனுபவம்.

எட்டாம் வகுப்புப் பாடம்

பாடப் புத்தகத்தில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. தமிழ்நாட்டுச் சமச்சீர்ப் பாடத்தில் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் "வளரிளம் பருவமடைதல்" என்று ஒரு பாடமே இருக்கிறது. பத்தாம் வகுப்பிலும் மனித இனப்பெருக்கம் பற்றிய பாடம் வருகிறது. எழுதியவர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள்.

கோளாறு இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, காலம். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு வயது 13. இக்காலத்தில் பத்து, பதினோரு வயதிலேயே பருவமடைகிற பெண்கள் நிறைய. ஐந்தாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் வந்துவிடுகிற விஷயத்துக்கு எட்டாம் வகுப்பில் பாடம் நடத்துவது, மழை பெய்து ஓய்ந்த பிறகு குடை கொடுப்பது மாதிரி. சர்க்காரே 10 வயதிலிருந்து நாப்கின் கொடுக்கலாம் என்று வயது குறித்திருக்கிறது. நாப்கினுக்குப் பத்து வயது, விளக்கத்துக்குப் பதின்மூன்று வயது என்பது என்ன கணக்கோ தெரியவில்லை.

இரண்டாவது கோளாறு வகுப்பறையில். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் வகுப்பில் இந்தப் பாடம் வந்ததும் பல ஆசிரியர்களுக்கு நா எழுவதில்லை. "இதை வீட்டிலே படிச்சுக்குங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். ஆசிரியரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவரும் ஒரு காலத்தில் மூலையில் உட்கார வைக்கப்பட்டவரோ, அப்படி உட்கார வைத்த வீட்டில் வளர்ந்தவரோதான்.

தெரியாமை பள்ளிக்கூடத்துக்குள்ளேயே புகுந்து அதிகாரம் செய்த சம்பவத்தை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு பார்த்தது. கோவை ஜில்லாவில் ஒரு தனியார் பள்ளியில், அப்போதுதான் பருவமடைந்திருந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பரீட்சை எழுதினாள். பெற்ற தாய் நேரில் வந்து பார்த்து, கைபேசியில் படம் எடுத்தார். அந்தப் படம் நாடெங்கும் பரவியது. தலைமையாசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்; போலீசில் வழக்கும் பதிவாயிற்று. எட்டாம் வகுப்பு! பருவமடைதல் பற்றிய பாடம் இருக்கும் அதே வகுப்பு!

அதற்கு முன்பு, 2018 நவம்பரில், கஜா புயல் அடித்த இரவில் நடந்தது இன்னும் கொடுமை. பட்டுக்கோட்டை வட்டாரத்தில் முதல் மாதவிடாய் வந்த சிறுமியை வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள். மரம் சாய்ந்து குடிசைமேல் விழுந்தது. குழந்தை மாண்டுபோனாள். பெற்றோருக்குப் பெண்ணின்மீது பாசம் இல்லாமல் இல்லை. தீட்டு என்ற பயம் புயல் பயத்தை விடப் பெரிதாக இருந்துவிட்டது.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்

அப்படி என்னதான் சொல்ல வேண்டும்? மலையைப் புரட்டுகிற வேலை ஒன்றுமில்லை. தாய் பக்கத்தில் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் சொல்லிவிடலாம்.

அடிவயிற்றில் கருப்பை என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் இரு பக்கமும் கருமுட்டைப் பைகள் இருக்கின்றன. பெண் குழந்தை பிறக்கும்போதே அவள் வாழ்நாளுக்கு வேண்டிய முட்டைகள் அனைத்தும் உள்ளே இருக்கின்றன. பருவமடைந்த பின் மாதம் ஒன்றாக முதிர்ந்து வெளிவருகின்றன. ஆயுள் முழுவதிலும் அப்படி வெளிவருவது சுமார் 400 தான். முட்டை கருவானால் தங்குவதற்காகக் கருப்பையின் உட்புறம் மெத்தைபோல் தடித்துக்கொள்கிறது. கரு உண்டாகாவிட்டால் அந்த மெத்தை தேவையில்லை. இரத்தத்தோடு கலந்து வெளியே வந்துவிடுகிறது. அதுதான் மாதவிடாய். கெட்ட இரத்தம் அல்ல. தீட்டும் அல்ல. வியாதியும் அல்ல.

இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை இருக்கலாம். ஒரு தடவையில் போகிற இரத்தம் சராசரி 30 முதல் 40 மில்லி லிட்டர். சிறு காப்பி டம்ளரில் பாதிகூட வராது. பார்வைக்குத்தான் நிறையத் தெரியும். முதல் இரண்டொரு வருஷம் நாள் தவறி வருவது சகஜம். நாப்கினை நாலு மணி முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். துணியை உபயோகித்தாலும் குற்றமில்லை. சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். இங்கேதான் வெட்கம் குறுக்கே வருகிறது. நாலு பேர் கண்ணில் படக்கூடாது என்று கட்டிலுக்கு அடியிலும், கூரை இடுக்கிலும் ஈரத்தோடு செருகி வைக்கிறார்கள். கிருமி வளர்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நெய்கிற ஊரில் துணிக்கா பஞ்சம்? வெயிலுக்கும் பஞ்சமில்லை. துணியை வெயிலில் போடுவதற்கு வேண்டிய தைரியத்துக்குத்தான் பஞ்சம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். பதினைந்து வயதாகியும் வராவிட்டால். ஏழு நாளைத் தாண்டியும் போய்க்கொண்டிருந்தால். ஒரு மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால். பள்ளிக்கே போக முடியாதபடி வலித்தால். துர்நாற்றம், அரிப்பு, ஜுரம் கண்டால். "பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்க" என்று சொல்லிச் சொல்லியே வைத்தியம் தள்ளிப்போகிறது.

குளிக்கக் கூடாது, தயிர் சாப்பிடக் கூடாது, ஊறுகாய்ச் சாடியைத் தொட்டால் கெட்டுவிடும் என்பவற்றுக்கு விஞ்ஞானத்தில் இடமே இல்லை. குளிக்கத்தான் வேண்டும். சாப்பிடத்தான் வேண்டும், மற்ற நாளைவிட நன்றாகவே சாப்பிட வேண்டும்.

நீல மாத்திரை

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது இரத்தசோகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேலே கண்ட அதே ஐந்தாவது ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, அதாவது நூற்றுக்கு 53 பேருக்கு, இரத்தசோகை இருக்கிறது. மாதாமாதம் இரத்தம் போகிறது. ஈடுகட்டுகிற சாப்பாடு இல்லை. காலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்கு இரத்தம் எங்கிருந்து ஊறும்?

இதற்காகத்தான் வாரம் ஒரு முறை இரும்புச் சத்து மாத்திரை பள்ளியில் கொடுக்கிறார்கள். நீல நிறத்தில் இருக்கும். குடல் புழு மாத்திரையும் வருஷத்துக்கு இரண்டு தடவை கொடுக்கிறார்கள். ஆனால் நீல மாத்திரையைப் போட்ட மறுநாள் மலம் கறுத்துப் போகும். சிலருக்குக் குமட்டும். இது இப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம், வெறும் வயிற்றில் போடாதே, போட்ட உடனே டீ குடிக்காதே என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? பெண் பயந்துபோய் அடுத்த வாரம் மாத்திரையை ஜன்னல் வழியாக வீசிவிடுவாள். வீட்டிலும் "கண்ட மாத்திரையைப் போடாதே கண்ணு" என்பார்கள். சர்க்கார் செலவு செய்து வாங்கிய மாத்திரை சாக்கடைக்குப் போகிறது. இரண்டு வாக்கியம் பேசாததன் விலை அது.

பெயர் சொல்லாமல் கொடுத்த மாத்திரையை வாய் பேசாமல் விழுங்குகிற பழக்கம் வேறொரு இடத்தில் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளிலும் ஆயத்த ஆடை ஆலைகளிலும் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலை செய்கிறார்கள். படிப்பை நிறுத்திய ஏழை வீட்டுப் பெண்கள் போகிற இடம் அதுதான். மூன்று வருஷம் விடுதியில் தங்கி உழைத்தால் கலியாணச் செலவுக்கு ஒரு தொகை என்று சொல்லி அழைத்துப்போன "சுமங்கலி" ஏற்பாடு ஒரு காலத்தில் இங்கே பிரசித்தம். 2019-ம் ஆண்டில் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் என்ற ஸ்தாபனத்தின் நிருபர்கள் தமிழ்நாட்டில் ஆடை ஆலைகளில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் விசாரித்தார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால், பெயர் அச்சிடாத, உறை இல்லாத மாத்திரையை ஆலையிலேயே கொடுத்து வேலைக்குத் திருப்பி அனுப்பியதாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். டாக்டர் பார்ப்பதில்லை. என்ன மருந்து, என்ன பக்க விளைவு என்று சொல்வதில்லை. பலருக்குப் பிற்பாடு மாதவிடாயே தாறுமாறாகிவிட்டது. பல வருஷம் அந்த மாத்திரையை விழுங்கிய பெண்களுக்கு, அதைப் பற்றிக் கேட்கலாம் என்பதே தோன்றவில்லை.

அக்கரையில் நடந்தது

இனிச் சொல்லப்போவது வாசகர்களுக்கு வேதனை தரக்கூடியது. ஆனால் இதைச் சொல்லாவிட்டால், பருவக் கல்வி என்பது ஏதோ சுத்தம் பற்றிய பாடம் என்றே நினைத்துக்கொள்ள நேரிடும்.

2022 ஜூன் மாதம். பள்ளிபாளையத்துக்கு நேர் அக்கரையான ஈரோட்டில் 16 வயதுப் பெண் ஒருத்தியின் கதை வெளியே வந்தது. பருவமடைந்த சிறிது காலத்துக்கெல்லாம் அவளைத் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு அழைத்துப்போய், குழந்தைப் பேறு இல்லாதவர்களுக்காக அவளுடைய கருமுட்டைகளை எடுத்து விற்றிருக்கிறார்கள். ஒரு தடவை அல்ல, பல தடவை. வயதை அதிகமாகக் காட்டப் போலி ஆதார் அட்டை தயாரித்திருக்கிறார்கள். பெற்ற தாய், தாயோடு வாழ்ந்த ஆள், இடைத்தரகுப் பெண், போலி அட்டை தயாரித்தவர் ஆகியோர் கைதானார்கள். சுகாதாரத் துறை விசாரணை நடத்தி, சம்பந்தப்பட்ட ஆஸ்பத்திரிகள் மீது நடவடிக்கை எடுத்தது.

கருமுட்டை எடுப்பது ஊசி குத்தி இரத்தம் எடுப்பது போன்ற சின்ன காரியம் அல்ல. இயல்பாக மாதம் ஒன்று முதிர்கிற முட்டைகள் ஒரே சமயத்தில் பல முதிரும்படி, சுமார் பத்து நாள் ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். பிறகு மயக்க மருந்து கொடுத்து ஊசி மூலம் உறிஞ்சி எடுக்கிறார்கள். சிலருக்கு முட்டைப் பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்து வருவதுண்டு. ஆகவேதான் 2021-ம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய செயற்கை முறைக் கருத்தரிப்புச் சட்டம் கறாராக வரம்பு கட்டியிருக்கிறது. முட்டை கொடுப்பவளுக்கு வயது 23-க்குக் குறையக் கூடாது. 35-க்கு மேல் போகக் கூடாது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கொடுக்கலாம். 7 முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. விலை பேசி விற்பதும் வாங்குவதும் குற்றம். இந்தச் சட்டம் 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஈரோட்டு விஷயம் அம்பலமானது அதே ஜூனில்.

அந்தச் சிறுமியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தாயே முன்னின்று அழைத்துப் போகிறாள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் ஊசி போடுகிறார்கள். இது தவறு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? யாரிடம் போய்ச் சொல்வது என்று எப்படித் தெரியும்? எட்டாம் வகுப்புப் பாடத்தை எவராவது அவளுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லியிருந்தால் எல்லாம் தடுக்கப்பட்டிருக்கும் என்று சொல்வது அதிகப்படி. பேராசையும் மோசடியும் பாடத்துக்குப் பயந்து ஓடுவதில்லை. ஆனால் முதல் தடவைக்குப் பிறகு இரண்டாவது தடவை வராமல் தடுத்திருக்கலாம். ஒரு டீச்சரிடம் வாய் திறந்திருக்கலாம்.

அது அக்கரை விஷயம் என்று பள்ளிபாளையம் ஒதுங்கி நிற்கவும் வழியில்லை. 2025 ஜூலையில் இதே பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் வெடித்தது. கடனில் மூழ்கிய குடும்பங்களைத் தேடிப் பிடித்து, பணத்தைக் காட்டி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு இருந்த அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. ஐகோர்ட்டு மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக்கு உத்தரவிட்டது. முன்பணக் கடன் கழுத்தை நெரிக்கும் ஊரில், உடம்பில் விலைபோகிறது எது என்று தரகன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு உடற்கூறு பாடம் நன்றாகத் தெரியும். தறிக்காரன் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாது.

கெட்டுப் போவார்களா?

"இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள்" என்பது பழைய ஆட்சேபம். பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வி கொண்டுவர மத்திய சர்க்கார் முயன்றபோது, 2007-ல் பல மாநிலங்கள் இதே காரணத்தைச் சொல்லித் தடை போட்டன. பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து, ஐ.நா.வின் யுனெஸ்கோ ஸ்தாபனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி நேர்மாறாகச் சொல்கிறது. இந்தக் கல்வியினால் பிள்ளைகள் அவசரப்பட்டு வழி தவறுவதில்லை. தெரிந்தவர்கள் நிதானமாகவே நடந்துகொள்கிறார்கள் என்பது அதன் முடிவு.

தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குள் இருக்கும் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்குப் பதினெட்டு வயது நிரம்பும் முன்பே கலியாணம் ஆகியிருந்ததாக ஐந்தாவது ஆய்வு சொல்கிறது. 15 முதல் 19 வயதில் ஏற்கெனவே தாயானவர்களும் கர்ப்பமாக இருந்தவர்களும் நூற்றுக்குச் சுமார் 6 பேர். பருவமடைந்துவிட்டால் உடம்பு பிள்ளை பெறத் தயார் என்ற தப்பெண்ணம் இதற்கெல்லாம் ஒரு வேர். பதினாறு வயதுப் பெண்ணின் இடுப்பெலும்பே இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது. பிரசவம் அவளுக்கும் ஆபத்து; குழந்தைக்கும் ஆபத்து. இதைப் பெண்ணுக்கு மட்டும் சொன்னால் போதாது. தெரட்டிச் சீர் பந்தலிலேயே மாப்பிள்ளை பேசுகிற உறவினருக்கும் சொல்ல வேண்டும்.

பையன்களுக்கும் சொல்ல வேண்டும். பெண்ணின் உடையில் கறையைப் பார்த்துச் சிரிக்கிற பையன் கெட்டவன் அல்ல, தெரியாதவன். நாளைக்கு அவனே புருஷன், அவனே அப்பன். தறிப்பட்டறையில் மேஸ்திரியாகவும் அவனே நிற்பான். தன்கீழ் வேலை செய்கிற பெண் கால் மணி நேரம் ஓய்வு கேட்டால் என்ன பதில் சொல்வான் என்பது இன்று வகுப்பில் நடக்கிற பாடத்தைப் பொறுத்தது.

யார் சொல்வது என்பதில்தான் சிக்கல். தாய் சொல்லலாம், ஆனால் தாய்க்கே யாரும் சொன்னதில்லை, நேரமும் இல்லை. ஆசிரியைக்குச் சங்கோசம். கிராம சுகாதார நர்சுகள் விஷயம் அறிந்தவர்கள், ஊரில் மரியாதை உள்ளவர்கள். ஆனால் தடுப்பூசி, பிரசவம், பதிவேடு என்று அவர்களுக்கு ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லை. ஆகவே தனித்தனியாக ஒருவர் தலையில் கட்டுவதில் பயனில்லை. நாப்கின் பாக்கெட் கொடுக்கும் அந்த நாளிலேயே, நர்சு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவதை அவருடைய வேலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்போது பாக்கெட்டுக்குக் கையெழுத்து வாங்குகிறார்கள். பேச்சுக்குப் பதிவேடு கிடையாது. பதிவேட்டில் ஏறாத காரியம் சர்க்கார் வழியில் நடப்பதில்லை என்பது ஊரறிந்த சங்கதி.

படிப்பை நிறுத்திய பெண்களை எப்படிப் பிடிப்பது? பகல் பதினொரு மணிக்கு அங்கன்வாடியில் கூட்டம் போட்டால் தார் சுற்றுகிற பெண் வரமாட்டாள். ஷிப்டு மாறுகிற நேரத்தில் பட்டறை வாசலுக்கே போக வேண்டும். வாரத்தில் தறி நிற்கிற நாளைப் பார்த்துப் போக வேண்டும். சாயப்பட்டறைக்கும் ஆலை விடுதிக்கும் போக வேண்டும். கழிப்பறையும் தண்ணீரும் இல்லாத பட்டறையில், நாலு மணிக்கு ஒரு முறை மாற்று என்று உபதேசம் செய்வதும் வீண்தான். அதையும் பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டும். உபயோகித்த நாப்கினை எங்கே போடுவது என்பது அடுத்த தலைவலி. வாய்க்காலில் போட்டால் காவிரிக்குத்தான் போகும். ஏற்கெனவே சாயத் தண்ணீரால் அவதிப்படுகிற நதி அது.

சுப்ரீம் கோர்ட்டும் இதில் தலையிட்டிருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாணவிகளுக்கு நாப்கினும் தனிக் கழிப்பறையும் வேண்டும் என்று கோரி வந்த பொதுநல வழக்கில், நாடு முழுவதற்கும் ஒரே கொள்கை வகுக்கும்படி 2023 ஏப்ரலில் மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. அந்தக் கொள்கையில் விழிப்புணர்வு என்ற சொல்லும் வரும். டெல்லியில் எழுதிய சொல் பள்ளிபாளையத்து வகுப்பறைக்கு வந்து சேர, நடுவில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கேட்பதற்கு ஓர் இடமும் இருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தறிக்குப் போகிற தாயும் அதில் உட்காரலாம். கட்டடம், குடிதண்ணீர், சத்துணவு என்று அங்கே பேசுகிறார்கள். அடுத்த கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "எங்க புள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை எந்தத் தேதியிலே நடத்துனீங்க, டீச்சர்? அஞ்சாம் வகுப்புப் புள்ளைகளுக்கு எப்ப நடத்தப் போறீங்க?" என்று கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லலாம். கேட்கக் கூசுகிற தாய்மார்கள், பாடப் புத்தகத்தின் பின்னட்டையைப் புரட்டிப் பார்க்கலாம். அங்கே 14417 என்று கல்வி உதவி எண் அச்சாகியிருக்கிறது. 1098 என்று குழந்தைகளுக்கான எண்ணும் இருக்கிறது. இரண்டாவது எண்ணைப் பெண் குழந்தைக்கு மனப்பாடம் செய்துவைக்க ஐந்து நிமிஷம் போதும்.